உமி வைத்தது நான்தான்

செவ்வாய்க்கிழமை காலை பசாரிலிருந்து வந்து மீனைக்கூடக் கழுவவில்லை, தொலைபேசி அடித்தது. சவரிமுத்துவின் மகள். "அங்கிள், அப்பா போயிட்டாரு" என்றாள். செனாவாங்கில் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டறை ஆட்கள் வாசலில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழைய மாணவர்கள் நீங்கள் கொண்டுவரும் நினைவு மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். உங்களுக்கு அவர் சவரி சார். பட்டம் இல்லாமலே பல்கலைக்கழகத்துக்கு வந்து, பொறியியல் படிக்க வந்த உங்களுக்குத் தொழில் தொடங்கக் கற்றுக்கொடுத்த கடைசல் பட்டறைக்காரர். எனக்கு அவன், அவன்தான். பாராட்டை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுதுவது அவன் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

அந்தத் தூக்குச்சட்டிக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அதைத்தான் சொல்வான். "அவசரகாலத்துல நான் ஒரு சட்டி செஞ்சேன். அதை வாங்கின பாவத்துக்கு ஒரு பொம்பளையப் போலீஸ் புடிச்சிட்டுப் போச்சு. படிச்ச முட்டாள்னா எப்படி இருப்பான்னு பாக்கணுமா? இங்க பாருங்கலா" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டுவான். நீங்கள் சிரிப்பீர்கள். கடைசி வரிசையில் உங்கள் விரிவுரையாளராக நான் உட்கார்ந்திருப்பேன். அந்த முட்டாள் அவனில்லை, நான்.

கோலாலம்பூரில் நாங்கள் இருவரும் பொறியியல் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். இருவருமே தோட்டத்துப் பிள்ளைகள். அவன் லாபு பக்கம், நான் கெமாஸ் பக்கம். கடைசி ஆண்டில் எல்லோரும் ஏதாவது ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். மதிப்பெண் போட்டதும் அது சாமான் அறைக்குப் போய்த் துருப்பிடிக்கும். சவரிக்கு அது பொறுக்கவில்லை. துறைத் தலைவரிடம் நேரே போய், செய்த பொருளை வெளியாள் ஒருவர் காசு கொடுத்து வாங்கினால்தான் மதிப்பெண் போட வேண்டும் என்று கேட்டான். அவர் சிரித்துவிட்டு, "முதலில் நீ விற்றுக் காட்டு" என்றார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலச் சட்டம் போட்டிருந்தார்கள். அவன் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் சோறு எடுத்துப்போகத் தடை. வேலி வாசலில் ஆண் பெண் எல்லோரையும் சோதித்துத்தான் விடுவார்கள். சீனி போடாத தேத்தண்ணிக்கு மட்டும் அனுமதி உண்டு. இருட்டோடு ஊற்றிக்கொண்டு போகும் தேத்தண்ணி, குடிக்கிற நேரத்தில் ஆறி அவலாகியிருக்கும். "வெறும் வயித்தோட மரம் வெட்டுறாங்கடா. தேத்தண்ணியாச்சும் சுடச்சுடக் குடிக்கட்டும். அதைச் செஞ்சு விப்போம்" என்றான் சவரி.

வரைபடம் நான் போட்டேன். தகரத்தில் இரட்டைச் சுவர், நடுவே சூடு வெளியேறாமல் இருக்க ஏதாவது அடைக்க வேண்டும். இலவம்பஞ்சு வைக்கலாம் என்றான் அவன். நான் கேட்கவில்லை. நெல் ஆலையில் உமி சும்மா கிடைத்தது, சோதித்துப் பார்த்ததில் சூடும் நன்றாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு விட்டேனா? இரண்டு சுவர் இருப்பதே தெரியாதபடி ஒட்டுவாயை மறைத்துப் பற்றவைத்து, பளபளவென்று தேய்த்தும் வைத்தேன். சவரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வாங்குறவங்க கையில இது என்ன பாடுபடும்னு யோசிச்சியா?" என்று கேட்டான். "கீழே போட்டாலும் உடையாது" என்றேன். அவன் கேட்டது அதையல்ல என்பது மண்டையில் ஏறவில்லை.

முதல் சட்டியை வாங்கியது அஞ்சலை அக்கா. அவன் வீட்டு லயத்தில்தான் இருந்தார், புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். நாலு நாள் சந்தோஷமாகக் கொண்டுபோனார். "தம்பி, நாக்கு சுடுதுய்யா!" என்று சவரியிடம் சொல்லிச் சிரித்தாராம். ஐந்தாம் நாள் வாசலில் புதிய காவலர் ஒருவர் நின்றார். சட்டியைத் தட்டிப் பார்த்தார், சத்தம் சரியில்லை. கத்தியால் அடியைப் பிளந்தார். உமி கொட்டியது. உமியோடு நொய்யரிசியும் கொட்டியது. ஆலை உமியில் நொய் இருக்கும் என்பது எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான்தான் அதைச் சலிக்காமல் வைத்தேன்.

கள்ளச் சுவர், உள்ளே அரிசி. வேறென்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு? அக்காவை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விடுமுறை என்பதால் நாங்கள் இருவரும் அன்று அவன் தோட்டத்தில்தான் இருந்தோம். சின்னப் பிள்ளை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறியது இன்னும் என் காதில் இருக்கிறது. சவரி சட்டையை மாட்டிக்கொண்டு, "வாடா, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றான். போனோம். ஸ்டேஷன் வாசல்வரைக்கும் போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். அவசரகாலத்தில் விசாரணை இல்லாமலே உள்ளே வைப்பார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான், பரீட்சைக்கு இன்னும் சில வாரம்தான் இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"நீ இங்கயே இரு. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா வெளிய யாரு பேசுறது?" என்றான்.

அந்தச் சாக்கை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவன் உள்ளே போய், சட்டியைச் செய்ததும் உமியை அடைத்ததும் தான்தான் என்றான். மூன்றாம் நாள் அஞ்சலை அக்காவை விட்டுவிட்டார்கள். அவனை ஐந்து மாதம் வைத்திருந்தார்கள்.

வெளியே இருந்து பேச வேண்டியவன் என்ன பேசினேன் தெரியுமா? கல்லூரியில் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, சட்டி யார் செய்தது என்று கேட்டார். "சவரிமுத்து, சார்" என்றேன். நான் பேசியது அவ்வளவுதான். அவன் பெயரைக் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள். நான் பரீட்சை எழுதினேன்.

வெளியே வந்தவன் என்னிடம் கேட்டது, "பாஸாயிட்டியா?" என்று மட்டும்தான். கெமாஸில் ரயில் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தான். பல வருடம் கழித்துச் செனாவாங்கில் சொந்தமாகக் கடைசல் பட்டறை போட்டான். நான் விரிவுரையாளரானேன். பொறியியல் மாணவர்களுக்குத் தொழில் முனைவும் சொல்லித்தர வேண்டும் என்று பல்கலைக்கழகம் முடிவெடுத்தபோது, பாடத்திட்டக் குழுவில் ஆளாளுக்குப் புத்தகம் சொன்னார்கள். நான் சவரியின் பெயரைச் சொன்னேன். அதில் கொஞ்சம் பரிகாரமும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அவன் வந்து என்ன செய்தான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கணக்கு, விளம்பரம் எல்லாவற்றையும் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, உங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலில் நிறுத்தினான். "யாருக்குச் செய்றீங்களோ அவங்க எந்த வாசலத் தாண்டிப் போகணும்னு மொதல்ல பாருங்க. அப்புறம் பென்சிலத் தொடுங்க" என்றான். சாப்பாட்டு நேரத்துக்கு மணியடிக்கும் பெட்டி செய்துகொண்டு வந்த மாணவியிடம், "பக்கத்துல ராத்திரி ஷிப்ட் முடிச்சு ஓஞ்சு தூங்குறவன் பெட்டியத் தூக்கிப் போட்டு மிதிப்பான்மா, அவன்கிட்டயும் கேட்டியா?" என்றான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாடத்திட்டத்தில் அந்தப் பகுதி இன்றும் இருக்கிறது. எழுதியவர் என்று என் பெயர் போட்டிருக்கிறது. அதுவும் அவனுடையது.

போன வருடம் வகுப்பு முடிந்து அவனை என் காரில் செனாவாங்குக்குக் கொண்டுவிட்டேன். வழியில் எப்படியோ தைரியம் வந்து, "சவரி, அடுத்த வருஷம் அந்தக் கதைய நான் சொல்லிடுறேன்டா. உமி வச்சது நான்தான்னு" என்றேன்.

"நான் உன்னைச் சொல்லாதன்னு ஒருநாளும் சொன்னதில்லையே" என்றான்.

"கோபமாடா?"

"இருக்காதா பின்ன? அஞ்சு மாசம்லா. அதுக்கப்புறம் எங்கம்மா செத்தப்பகூட எம்மவன் படிப்ப முடிக்கலியேன்னுதான் செத்தா." கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினான். "வருஷா வருஷம் அந்தக் கதைய எதுக்குச் சொல்றேன்னு நெனச்ச? இன்னிக்காச்சும் பின்னாலருந்து எந்திரிப்பான்னு பாப்பேன்."

அடுத்த வருடம் வரவில்லை. அவன் போய்விட்டான்.

அவன் நினைவாக என்னிடம் இருப்பது என்ன என்று கேட்டால், என் பட்டம் இருக்கிறது. அவன் உள்ளே இருந்த மாதங்களில் வாங்கியது. வேலை, வீடு, நீங்கள் எழுந்து நின்று தரும் மரியாதை எல்லாம் அதைக் காட்டித்தான் வந்தன. அவன் என் பெயரைச் சொல்லியிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது. விடுதலையாகி வந்த பிறகு கல்லூரி வாசலுக்குப் போய், திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி மூன்று முறை கேட்டிருக்கிறான். அப்போதாவது நான் உள்ளே போய்ச் சொல்லியிருந்தால் அவனுக்கும் ஒன்று கிடைத்திருக்கும். நான் போகவில்லை.