கிரேன்காரரின் இதய வரைபடம்

செல்வநாதனுக்கு உயரம் என்றால் பயமில்லை. மனிதர்களிடம் பேசுவதுதான் கொஞ்சம் சிரமம். எண்ணூரில் ஒரு கன்டெய்னர் முனையத்தில் பத்தொன்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாக எடுத்து லாரியில் வைக்கிற வேலை. கேட்பவர்கள் "பாவம், நாள் பூரா ஒத்தையா" என்று உச்சுக் கொட்டுவார்கள். வாக்கி டாக்கி என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த வாக்கி டாக்கியில் கீழேயிருந்து பேசுகிறவன் விமல். லாரி சரியாக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. "இறக்கு நைனா" என்பான். இவர் நெஞ்சில் மாட்டியிருக்கும் வாக்கி டாக்கியின் பட்டனை அழுத்தி, "இறக்குறேன்" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் பெட்டி இறங்க வேண்டும். பதில் சொல்லாமல் இறக்கினால் கீழே நிற்பவன் தலை போய்விடும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஊர்க்கதையும் ஓடும்.

"மேல இன்னா தெரியுது நைனா?"

"மீஞ்சூர் பக்கம் கறுப்பா கீது. மழ வரும்."

"வரட்டும். இந்த வெயிலு ஒரே பேஜாரா கீது."

ஒன்பது வருஷம் இப்படிப் பேசியவர்கள். ஆனால் ஷிஃப்ட் முடிந்து கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சு வராது. டீயைக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ராயபுரம் வீட்டில் அவர் மட்டும்தான். மனைவி டோரதி இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. மகள் தோஹாவில், ஞாயிறு பூசை முடிந்ததும் நாலு நிமிஷம் போனில் பேசுவாள், அதில் பாதி "சாப்டீங்களாப்பா". ஆக, ஒரு மனிதக் குரல் அவரோடு நிஜமாகப் பேசியது அந்தக் கூண்டில் மட்டும்தான்.

போன அக்டோபரில் ஒரு காலை, கூண்டிலேயே நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. நாலு துடிப்பு ஓடும், ஒன்று தடுக்கும், மறுபடி ஓடும். கம்பெனி டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, அன்றைக்கே அவரை இறக்கி ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிட்டார். அங்கே போல்ட்டுகளும் கிரீஸ் டப்பாக்களும். நான்கு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

இதய மருத்துவமனையில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயத்துக்குள் கொண்டுபோய், உள்சுவரை இடம் இடமாகத் தொடுவார்கள். தொட்ட இடமெல்லாம் கம்ப்யூட்டரில் புள்ளியாக விழுந்து இதயத்தின் படம் உருவாகும். நல்ல சதை ஊதா, தழும்பு சிவப்பு. துடிப்பைக் கெடுக்கிற மின்சாரம் எங்கிருந்து கிளம்புகிறது என்று அந்தப் படத்தைப் பார்த்து, அங்கே சூடு வைத்து வழியை அடைப்பார்கள்.

"திரும்ப கிரேன் ஏறலாமா மேடம்?" அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

"படம் வரட்டும். தழும்பு கம்மியா இருந்தா நானே ஃபிட்னு எழுதித் தர்றேன்."

சிகிச்சை நாளன்று விமல் லீவு போட்டு வந்தான். படிவத்தில் 'உறவுமுறை' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'கூட வேலை செய்பவர்' என்று எழுதினான். பிறகு முக்கால் மணி நேரம் இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "பயப்படாத நைனா" என்றான். "ம்" என்றார்.

முழு மயக்கம் தரவில்லை, லேசான மருந்துதான். அசையக் கூடாது, அசைந்தால் படம் இடம் மாறிவிடும் என்று சொன்னார்கள். தினமும் எட்டு மணி நேரம் கூண்டில் ஒரே இருக்கையில் இருந்தவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கல் மாதிரிக் கிடந்தார். கண்ணாடிக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் டெக்னீஷியன் உதயா உட்கார்ந்திருந்தாள். பாதிப் படம் முடிந்தபோது மைக்கை அழுத்தி, "ஐயா, அடுத்தது பின்பக்கம் போறோம்" என்றாள்.

ஸ்பீக்கர் கரகரத்து அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்ததும், செல்வநாதனின் வலது கை, அதைக் கட்டிலோடு கட்டியிருந்த பட்டையை உருவிக்கொண்டு நெஞ்சுக்குப் போய்விட்டது. கட்டைவிரல் அங்கே இல்லாத பட்டனைத் தேடியது. "பின்பக்கம் போறோம்" என்று திருப்பிச் சொன்னார். தோள் எழும்பி உடம்பு சாய்ந்தது. திரையில் இதயம் நகர்ந்தது. அதுவரை எடுத்த புள்ளிகள் அத்தனையும் வீண்.

டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். உதயா உள்ளே வந்து, ஏன் ஐயா இப்படி என்று கேட்டாள்.

"பதில் சொல்லலன்னா கீழ நிக்கறவன் செத்துடுவான்மா" என்றார் வெட்கத்தோடு.

அவளுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "இங்க பதில் வேணாம் ஐயா. நீங்க கேட்டுட்டீங்கன்னு நானே எடுத்துக்கறேன்."

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம், ஒவ்வொரு இடத்தையும் அவள் சொல்லிக்கொண்டே போனாள். இப்போ மேல. இப்போ இடது பக்கம். கொஞ்சம் சுடும், தாங்கிக்கங்க. செல்வநாதன் வாயே திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்து காதுக்குள் இறங்கியது. வலியால் இல்லை, நான்கு மாதம் கழித்து ஒரு குரல் தன்னிடமே பேசுகிற சந்தோஷம். படம் நகரவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா படத்தோடு வந்தார். துடிப்பு சீராகிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் படத்தின் பின்சுவரில் ஊதாவைவிடச் சிவப்புதான் அதிகம்.

"இவ்வளவு தழும்பு இருந்தா எப்ப வேணா இந்தக் கோளாறு திரும்ப வரலாம். அதனால கிரேன் வேண்டாம். நாற்பது மீட்டர் மேல தனியா இருப்பீங்க. மயக்கம் போட்டா பார்க்க யார் இருக்கா?"

செல்வநாதன் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல நான் தனியா இல்ல மேடம்" என்றார் கடைசியில். "கீழதான் தனியா கீறேன்."

டாக்டரம்மா டிஸ்சார்ஜ் தாளில் 'கிரேன் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போக யார் வருகிறார்கள் என்று கேட்டார்.