முதல் டைமரைத் தொடாதே

அவளுக்கு ஆபீசில் பட்டாசு என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் மட்டும் ஒருவருக்கும் கிடையாது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக் காற்று மெத்தை செய்கிற கம்பெனி அது. மெத்தையின் ஒரு பாதி உப்பும், மறுபாதி தணியும்; பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும். ஒரே இடம் அழுந்திக் கிடந்தால் உடம்பு புண்ணாகிவிடும் அல்லவா? மாற்றச் சொல்லும் சிப்புக்குப் புரோகிராம் எழுதியவள் அவள்தான். பக்கவாதத்தில் பேச்சும் போய்விட்ட அவளுடைய அப்பா கிடப்பதும் அதே மெத்தையில்தான்.

பம்பு மோட்டார் கீச்சென்று கத்துகிறது என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். சிப் மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருகிறது. அந்த வேகம்தான் காதில் கீச்சலாக விழுகிறது. அந்த நேரம் பார்த்து அவள் வேலையாக ஒரு மாசம் வெளியூர் போயிருந்தாள். முதலாளியின் மருமகன் தானே சரிசெய்வதாகக் கிளம்பினார். சிப்பில் மோட்டாரை ஓட்டும் முதல் டைமர்தான் மெத்தை மாறும் நேரத்தையும் எண்ணுகிறது, அதைத் தொடாமல் மோட்டாரை இரண்டாவது டைமருக்கு மாற்றுங்கள் என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள். சரி சரி என்றவர், முதல் டைமரின் வேகத்தையே நாலில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார். கீச்சல் அடங்கி முனகலானது. ஆபீசே கைதட்டியது. பம்பும் சிப்பும் அடங்கிய புதுப் பெட்டிகள் வீடு வீடாகப் போயின. அவள் வீட்டுக்கும் ஒன்று.

ஊர் திரும்பியவள் அப்பாவின் இடுப்பில் சதை பிய்ந்திருப்பதைப் பார்த்தாள். பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் தம்பியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிறகு மெத்தைக்கு அடியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் போயிற்று, இருபது போயிற்று. நாற்பதாவது நிமிஷத்தில்தான் மெத்தை மாறியது. அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. தம்பியின் முகத்தைப் பார்க்கவும் கூசியது.

மறுநாள் எல்லாப் பெட்டிகளையும் திரும்ப வாங்கச் சொன்னாள். மருமகன் சுவரைப் பார்த்தார். முதலாளி சிரித்தார்.

"புதுப் பெட்டி போனப்புறம் ஒருத்தரும் கம்ப்ளெயிண்ட் பண்ணலையேம்மா."

வாய்விட்டுச் சொல்ல முடிகிறவனுக்கு அந்த மெத்தை எதற்கு? அவள் இருவரையும் சோதனை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தி, முதலாளியை அங்கே புதுப் பெட்டி மாட்டியிருந்த மெத்தையில் படுக்கச் சொன்னாள். அடுத்த முறை மாறும்வரை அசையக் கூடாது என்றாள். பட்டாசு எந்த நேரம் வெடிக்குமோ என்று அவரும் படுத்தார். கொஞ்ச நேரம் வியாபாரம் பேசினார். அப்புறம் இடுப்பை மெல்லத் தூக்கப் பார்த்தார்.

"அசையாதீங்க சார்."

"கடுக்குதும்மா. உயிர் போகுது."

"எங்கப்பாவுக்கு அதைச் சொல்ல வாயில்ல சார்."

அவள் கோபம் குறையவில்லை. முதலாளி கூரையைப் பார்த்தபடி, எல்லாப் பெட்டிகளையும் இன்றைக்கே திரும்ப எடுத்து வரும்படி மருமகனிடம் சொன்னார். மெத்தை இன்னும் மாறவில்லை.