முன்சக்கரத்து எண்ணெய்

எங்கள் ஜீப்பின் இடது முன்சக்கரத்தில் வழிந்த எண்ணெயை ஒரு மாதம் வரை எங்கள் உடம்பு எண்ணெய் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தென்காசிக்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். சாரல் தொடங்கிவிட்டால் ஞாயிறு தவறாமல் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் பூசிக்கொண்டு, எட்டுப் பேர் ஒரே ஜீப்பில் நெருக்கியடித்து ஐந்தருவியில் குளிக்கப் போகிற குடும்பம் எங்களுடையது. சாரல் இரண்டு பக்கமும் உள்ளே அடிக்கும். வண்டியில் எங்கே எண்ணெய் சொட்டினாலும் பழி சொல்ல ஓர் ஆள் தயாராக இருக்கும். முன்னால் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிற நான்தான் அந்த ஆள்.

ஜீப் அத்தையுடையது. அப்பாவின் தங்கை அவள். தாத்தா பட்டாளத்து ஏலத்தில் எடுத்துக் கல்யாணச் சீராகக் கொடுத்த வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வடகரையில் மாமாவின் தென்னந்தோப்புச் சேற்றில் ஓட்டி ஓட்டி அத்தை பழகியிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் காலையில் அவளே அதை ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். ஒரு டிரங்குப் பெட்டியும் இடது கையில் ஒரு கட்டும் இருந்தன. ஜீப் கதவில் கை நசுங்கிவிட்டது என்று அப்பா எங்களிடம் சொன்னார். கட்டை அவிழ்த்த பிறகும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

அத்தை வடகரைக்கு, மாமா வீட்டுக்கு, திரும்பவில்லை. வீரகேரளம்புதூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை வாங்கிவிட்டாள். அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார்.

“பஸ்ஸுல கண்டவன்கூட இடிபட்டுட்டுப் போக வேண்டாம். ஜீப்புல போ. அது ஓடலேன்னா நேரா வடகரைக்குப் போயிரு.”

அப்பாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நான் நினைத்தேன்.

வேலையில் சேர எட்டு நாள் இருக்கும்போது, ஐந்தருவியிலிருந்து திரும்பும் இறக்கத்தில் அத்தை பிரேக்கை மிதித்தும் ஜீப் நிற்கவில்லை. வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஒரு பலாப்பழக் கடையில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை, பலாச்சுளை மட்டும் எட்டுப் பேர் மேலும் அப்பிக்கொண்டது. என் காலில் வழிந்த எண்ணெய்தான் பிரேக்கில் இறங்கிவிட்டது என்று அப்பா என்னைத் திட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சக்கரத்தில் வழிந்ததை விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். கூமுட்டை நாற்றம் அடித்தது. நல்லெண்ணெய் இப்படியா நாறும் என்று கேட்டு விரலை நேராக அப்பாவின் மூக்குக்கே கொண்டுபோனேன். நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

அத்தை என் விரலைப் பிடித்து மோந்தாள். ஆக்சிலுக்குள் இருக்கிற எண்ணெய் சக்கரத்துக்கு வராமல் தடுக்க உள்ளே ஒரு தோல் வளையம் உண்டு, ஆயில் சீல் என்பார்கள், அது போய்விட்டது என்றாள். புது சீல் ஒன்று வண்டியின் சாமான் பெட்டியிலேயே கிடந்தது. மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

புதன்கிழமை அத்தையும் நானும் ஜீப்பை மெல்ல உருட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் அண்ணாச்சி அத்தை கையிலிருந்த சீலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வேலை நிறையக் கிடக்கிறது, ஒரு மாதம் ஆகும் என்றார். அத்தை எவ்வளவோ கேட்டும் அவர் அதையே சொன்னார். நான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தேன்.

“அப்பா நேத்தே ஒங்ககிட்ட வந்து சொன்னாங்கல்லா?”

முந்தின நாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்திருந்தார். எனக்குக் குடிக்க ஒரு கலர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு அண்ணாச்சியிடம் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார். சீக்கிரம் செய்து கொடுக்கச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அத்தை என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“சரி அண்ணாச்சி. ஜாக்கிய மட்டும் ஒரு வாரத்துக்குக் குடுங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஆனால் ஜாக்கியையும் பெரிய ஸ்பேனரையும் அவரே தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார்.

சனிக்கிழமை வாசலில் வேலை தொடங்கியது. தோல் சீல் எண்ணெயில் ஊறினால்தான் இளகும். அம்மா எங்கள் குளியல் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அத்தை சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைக் கழற்றி, நீளமான இரும்புத் தண்டை உருவி வெளியே எடுத்தாள். தெருவே நின்று பார்த்தது. பொம்பளை ஜீப்பைப் பிரிப்பதை இந்த வீட்டில்தான் பார்க்கிறேன் என்று அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து சொன்னார். நல்லாப் பாருங்க என்றாள் அத்தை.

மடங்காத விரல்களால் சீலை உள்ளே நிறுத்த முடியவில்லை. அதனால் என் கையை உள்ளே விட்டேன். நான் வைக்க, அவள் உலக்கையின் பூண் முனையால் நிதானமாகத் தட்டி இறக்கினாள். எல்லாவற்றையும் மாட்டி எண்ணெய் ஊற்றியதும் பழையபடி சொட்டியது. சீலின் குழிந்த பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். நான் திருப்பி வைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அத்தை திட்டவில்லை. மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் கழற்றினாள். பிரேக்கைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்தாள். ஞாயிறு சாயங்காலம் சக்கரத்துக்கு அடியில் விரித்த பழைய துணியில் ஒரு சொட்டு இல்லை.

திங்கட்கிழமை காலையில் வாசல் கேட்டுக்கு நடுவே அப்பா வெள்ளை வேட்டியும் கட்டிய கைகளுமாக நின்றார். பிரேக் இல்லாத வண்டியில் போய்ச் சாக விடமாட்டேன் என்றார். அத்தை வண்டியில் ஏறினாள். ஸ்டார்ட் செய்து நேராக அவரைப் பார்த்து ஓட்டினாள். பக்கத்தில் இருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜீப் இந்தப் பக்கமும் இழுக்காமல் அந்தப் பக்கமும் இழுக்காமல் நின்றது.

“இன்னும் ஒரு சாண் இருக்குண்ணே” என்றாள். “பிரேக்கு பிடிக்கி. வழிய விடுங்க.”

அப்பா விலகினார்.

வெகுநாள் வரை இதை நான் ஜீப்பை ஜெயித்த கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கையை நசுக்கிய வண்டியையே அடக்கி ஓட்டுகிறாள் எங்கள் அத்தை என்று பள்ளிக்கூடத்தில் பீற்றியிருக்கிறேன். அப்பா ஒர்க்‌ஷாப்பில் தாழ்ந்த குரலில் சொன்னது வண்டியைத் தொடாதே என்பதுதான் என்று பெரியவளான பிறகு புரிந்தது. இன்னொன்று புரிய அதைவிடவும் நாளானது. எத்தனை சாரலில் நனைந்திருக்கிறேன், எத்தனை தடவை காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போயிருக்கிறேன், அப்போதெல்லாம் எனக்குத் தோன்றவேயில்லை. அந்த ஜீப்புக்குக் கதவே கிடையாது. வடகரைக்குப் போயிரு என்று சொன்ன அப்பாவுக்கு அது தெரியும்.