சொட்டு பரவாத சிப்

எங்கள் தொழிலில் ஒட்ட வேண்டியது ஒட்டாது. ஒட்டக் கூடாதது கேட்காமலே ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பொருளோடு தினமும் மல்லுக்கட்டும் சகாக்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சில சம்பவங்கள்.

கடுகில் சாயம்

வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் திருப்பூர் திரும்பி, நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு நிட்டிங் யூனிட்டின் மாடியில் சிறிய ஆய்வுக்கூடம் போட்டேன். நகத்தளவு சிலிக்கான் சிப்பில் ஒரு டிரான்சிஸ்டர். அதன்மேல் ஆன்டிபாடியை, அதாவது குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறை, ஒட்டவைக்க வேண்டும். மாரடைப்பு வந்தவரின் ரத்தத்தில் கசியும் புரதம் அதில் வந்து மாட்டினால், டிரான்சிஸ்டரில் ஓடும் மின்சாரம் இம்மியளவு மாறும். அந்த இம்மிதான் எங்கள் சென்சார்.

சிப்பைச் சுத்தம் செய்து, ஒரு ரசாயனப் படலம் ஏற்றி, அதன்மேல் ஆன்டிபாடியை ஏற்றி, கடைசியில் அலசுவோம். பக்கத்துச் சாயப்பட்டறை மாஸ்டர் பழனிசாமி அண்ணனிடம் இதை விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப நீங்களும் டையிங்தானுங்க தம்பி. நாங்க டன்னுல போடறோம், நீங்க கடுகுல போடறீங்க."

ஸ்டெல்லாவின் கேள்வி

ஸ்டெல்லா திருநெல்வேலிப் பக்கம். பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் பல வருடம் நின்றவர். ஓடும் துணியில் ஒரு தையல் விட்டுப்போனாலும் அவர் கண் பிடித்துவிடும். அந்தக் கண்ணுக்காகவே வேலைக்குக் கூப்பிட்டேன். இடுக்கியால் சிப்பின் ஓரத்தை மட்டும் தொட்டுத் தூக்க மூன்றே வாரத்தில் பழகிக்கொண்டார்.

இடுக்கி, தட்டு எல்லாம் துடைக்க என் மச்சான் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் மூட்டை வரும். வெள்ளைவெளேரென்ற பனியன் துணி. முதல் வாரமே ஸ்டெல்லா அதைத் தொட்டுப் பார்த்து, "வழவழன்னு இருக்கே சார், பேப்பர் வச்சுத் தொடச்சா என்ன?" என்றார். உலகம் பூரா உடம்பில் போடுகிற துணிம்மா இது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் சொன்னது: "நீங்க சொன்னா சரிதான் சார்."

மூன்றாவது தட்டு

முதல் தட்டுச் சிப்புகளில் ஏற்றிய ஆன்டிபாடி அலசும்போதே போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் போனபோது, சென்சாருக்காகக் காத்திருந்த கோவை டாக்டர் இன்னும் ஒரு தட்டுக்குத்தான் பொறுப்பேன் என்றுவிட்டார். செக்கிங் மேசையிலிருந்து ஆள் எடுத்தால் இப்படித்தான், கையை மாற்று என்றார் என் பங்குதாரர். நான் மறுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லாவிடம், திங்கள் முதல் சிப்பைத் தொட வேண்டாம், வேறு ஆள் வருகிறார் என்றேன். கையுறையை ஒவ்வொரு விரலாக உருவிக் கழற்றினார். குரல் உயரவில்லை. "எம்மவ பள்ளிக்கூடத்துல, எங்கம்மா ஹார்ட்டுக்கு மெஷின் செய்யுதான்னு சொல்லி வச்சிருக்கா சார். அவகிட்ட இப்ப என்னன்னு சொல்லட்டும்?"

அண்ணன் விரல்

சனிக்கிழமை நானே நான்காவது தட்டில் உட்கார்ந்தேன். இருபது வருடம் பழகிய கை. சுத்தம் செய்த சிப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது படர்ந்து காணாமல் போக வேண்டும். அதுதான் பரப்பு தயார் என்பதற்கு அடையாளம். முந்தைய தட்டுகளில் அவசரத்தில் நான் செய்யாமல் தவிர்த்த சோதனை. இப்போது ஒரு சொட்டு விட்டேன். சேப்பங்கிழங்கு இலைமேல் விட்டதுபோல் சொட்டு உருண்டு நின்றது.

டிஸ்டில்டு வாட்டர் கேட்டு மேலே வந்த பழனிசாமி அண்ணன் எட்டிப் பார்த்தார். "இதே டெஸ்ட்ட நாங்க துணில பண்ணுவோமுங்க. சொட்டு நின்னா சாஃப்ட்னர் ஏறிப்போச்சுன்னு அர்த்தம்." இங்கே ஏது அண்ணா சாஃப்ட்னர் என்றேன், ஸ்பிரிட் தொட்ட துணியால் இடுக்கியைத் துடைத்துக்கொண்டே. அவர் என் கையிலிருந்த துணியை வாங்கி, ஒரு முனையை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தார். வாங்குகிறவர் கைக்கு மெத்தென்று இருக்க, வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணிக்கும் ஏற்றுகிற வழவழப்புதான் சாஃப்ட்னர். ஸ்பிரிட்டில் கரைந்த அதை, இடுக்கி வழியாக, நான்கு தட்டுக்கும் ஏற்றியிருந்தோம். அண்ணன் துணியைத் திருப்பி நீட்டினார்: "ஏனுங்க தம்பி, பின்ன இதென்னங்க?"

திங்கள்

பங்குதாரருக்குப் போன் போட்டு, ஸ்டெல்லா கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து, தப்பு அவர் கையில் இல்லை, நான் கொண்டுவந்த துணியில் என்றேன். புது ஆளும் வேண்டாம் என்றேன். ஸ்டெல்லாவிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

புது இடுக்கி, புதுத் தட்டு, துடைக்கப் பேப்பர். சொட்டு விட்டார், படர்ந்தது. சாயங்காலம் மூன்று முறை அலசிய பிறகும், ஒளிரும் சாயம் சேர்த்த ஆன்டிபாடி இருந்த இடத்தில் இருந்தது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே ஸ்டெல்லா பேசினார்: "மொத வாரமே கேட்டேன்லா சார். நீங்க பெருமையாச் சொல்லவும் வாய மூடிக்கிட்டேன். இனி மூட மாட்டேன், பாத்துக்கிடுங்க."

இன்று இந்தப் பனியன் ஊரில் பனியன் துணி நுழைய முடியாத அறை எங்களுடையதுதான். அதன் வாசலில் ஸ்டெல்லா நிறுத்திவைத்துச் சோதிக்கும் முதல் ஆள் நான்.