ஒன்றரை மணி நேரக் கோடு

மேஸ்திரிக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. வேலையிடத்தில் அவர் ‘பொறுங்க மேஸ்திரி’. முப்பத்தோரு வருஷமாக அவர் அதிகம் சொன்ன சொல் அதுதான். இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் கலவை சுலபமாக ஓடுமே என்று ஆட்கள் குடத்தைத் தூக்கினால், பொறுங்க. போட்ட தளத்தின் மேல் ஈரம் மினுங்கும்போதே தேய்க்கப் போனால், பொறுங்க. ஏழாம் நாளே கூரையைத் தாங்கும் முட்டுக் கம்புகளைப் பிரிக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டால், பொறுங்க. காங்கிரீட்டுக்கு இவ்வளவு பொறுமை காட்டிய மனிதர், வீட்டில் ஒரு டம்ளர் காபிக்காக இரண்டு நிமிடம் பொறுத்ததில்லை.

“உங்களுக்கு வாக்கப்பட்டதுக்கு ஒரு கூரையாப் பொறந்திருக்கலாம். பதினாலு நாளாவது பக்கத்துல நின்னு கவனிச்சிருப்பீங்க” என்பாள் மனைவி. அவர் சிரிப்பார். அது உண்மை என்பதால் கொஞ்சம் பலமாகவே சிரிப்பார்.

அந்த மனைவிதான் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு இறந்துபோனாள். ஒரு டீச்சர் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூரை போடும் நாள் அது. மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தது. மகள் போனில் கூப்பிட்டாள்: “அப்பா, அம்மா சமையக்கட்டுல விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம். இப்பவே வாங்க.”

மேஸ்திரி கையைக்கூடக் கழுவவில்லை. ஏணியில் பாதி இறங்கியபோது, அவருடைய இரண்டாவது ஆளான நெட்டைக் கொத்தனார் மேலிருந்து கேட்டான்: “மேஸ்திரி, நாங்க என்ன பண்றது?”

“பொறுங்க.”

அவர் சொல்லவில்லை, பழக்கதோஷத்தில் வாய் சொல்லிற்று. அவர்கள் பொறுத்தார்கள். அவர் சொல்லாமல் ஒரு சட்டியைக்கூட நகர்த்தக் கூடாது என்று வருஷக்கணக்காகப் பழக்கியவர் அவர்தானே. கலவை மிஷின் நின்றது. உச்சி வெயிலில், பாதியில் விட்ட ஓரம் இறுகிக்கொண்டே போயிற்று. ஒன்றரை மணி நேரம் கழித்து, “மிஷின் சத்தம் நின்னுபோச்சாமே?” என்று டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து போன் போட்ட பிறகுதான் நெட்டைக்கு உயிர் வந்தது. பதற்றத்தில் அந்த ஓரத்தைக் கொத்திவிடாமல், சிமெண்டுப் பால்கூட ஊற்றாமல், மிச்சக் கலவையை அணைத்துப் போட்டான். பழையதும் புதியதும் மனஸ்தாபப்பட்ட சம்பந்திகளைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, ஒட்டவில்லை.

மேஸ்திரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அங்கேயும் உதவவில்லை, இங்கேயும் உதவவில்லை.

நான்காம் நாள் காலையில் குளித்துச் சட்டையை மாட்டிக்கொண்டார். மகள் வாசலில் நின்றாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“தளம் இறுகத் தண்ணி தேக்கி வைக்கணும்.”

“அம்மா போயி நாலு நாள்கூட முழுசா ஆகலப்பா.”

“தளம் போட்டும் நாலு நாள்தான்.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மகள் விலகி வழிவிட்டாள். இவர் எப்போது அழுவார் என்று சொந்தக்காரர்கள் மூன்று நாளாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கோ உள்ளே எதுவும் அசையவில்லை. மரத்துப்போன காலை ஊன்றினால் தரை இருப்பது தெரியும், ஆனால் பதியாது. எல்லாமே அப்படித்தான் இருந்தது.

நெட்டை தளத்தின் மேல் பாத்தி கட்டி, தண்ணீர் தேக்கியே வைத்திருந்தான். மேஸ்திரி கீழே போய் அண்ணாந்து பார்த்தார். பலகை இடுக்குகளில், சுவரிலிருந்து சுவர்வரை, ஒரே வரிசையில் சொட்டுகள்.

“அன்னைக்கு எவ்வளவு நேரம்டா வேலையை நிறுத்தினீங்க?”

“ஒன்றரை மணி நேரம்.”

“ஏன்?”

“நீங்கதானே பொறுக்கச் சொன்னீங்க?”

கோபப்பட முயன்று பார்த்தார். வரவில்லை.

பதினைந்தாம் நாள் பலகை பிரித்ததும் எஞ்சினீயர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். “பலத்துக்குப் பயமில்லை. நிறுத்தியே ஆகணும்னாலும் இந்த இடத்துலதான் நிறுத்தச் சொல்லியிருப்பேன். ஆனா தண்ணி இறங்குனா கம்பி துருப்பிடிச்சு, பத்து வருஷத்துல பாளம் பாளமா விழும். கசிவை நிறுத்துங்க. முடியலேன்னா உடைச்சுத்தான் போடணும்” என்றார்.

அவர் தலை மறைந்ததும் நெட்டை மெதுவாகச் சொன்னான்: “அடியில வாட்டர்ப்ரூஃப் ரெண்டு கோட்டு அடிச்சுட்டா யாருக்குத் தெரியப்போவுது?”

“பவுடர் பூசினா காய்ச்சல் போயிடுமாடா?”

சாயங்காலம் டீச்சர் வந்தார். “பாதியில ஏன் நிறுத்தினீங்க?”

“அன்னைக்கு என் சம்சாரம் தவறிட்டா” என்றார் மேஸ்திரி, கம்பியின் கனத்தைச் சொல்வது போல. அந்த வாக்கியத்தை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டீச்சர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். “சரி பண்ணிப் பாருங்க. அப்புறமும் கசிஞ்சா உடைச்சிடலாம்.”

இரண்டு வாரமாகக் கேட்ட ஆறுதல்களைவிட அது அவருக்குத் தேவலையாக இருந்தது.

மேல் பக்கத்தில், பழையதும் புதியதும் சேரும் கோட்டை நெடுக அவரே உளியால் வாய் பிளந்தார். தூசு போகக் கழுவி, ஈரம் மட்டும் நிற்கிற பதத்தில் கெட்டிக் கலவையை அடைத்து, ஏழு நாள் நனைந்த சாக்குப் போட்டு வைத்தார். பிறகு நன்றாகக் காயவிட்டார். ஈரத்தின் மேல் பூசினால் உரிந்துவிடும். அதன் பிறகுதான் கசிவு தடுக்கும் பூச்சு, இரண்டு கை. அதுவும் காய்ந்த பிறகு மறுபடி பாத்தி, மறுபடி தண்ணீர், இரண்டு முழு நாள். வெறும் தரையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை, அப்பா பகலெல்லாம் எங்கே கிடக்கிறார் என்று பார்க்க மகள் வந்தாள். கூரை காய்ந்தே இருந்தது. ஏணியில் ஏறி விரலால் தடவினார், மாவு மாதிரிப் பொடிதான் ஒட்டிற்று. சந்தோஷம் வரும் என்று நினைத்தார். அதுவும் வரவில்லை.

“நெட்டை அண்ணன் சொன்ன கோடு எங்கப்பா?”

காட்டினார்.

“ஒண்ணுமே தெரியலையே.”

“இருக்கு” என்றார். பிறகு, இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டார்: “அம்மா எந்தப் பக்கமா விழுந்தா?”

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். “அடுப்புப் பக்கமா. தலை தரையில படல. நான் புடிச்சுட்டேன்.”

“அப்போ பேச்சு இருந்துச்சா?”

“இருந்துச்சு. அடுப்பை அணைக்கச் சொன்னா.”

மேஸ்திரி தலையாட்டினார். இன்னும் ஒரு முறை ஆட்டினார். பிறகு மேலே ஏறிப்போய்ப் பாத்தியை வெட்டிவிட்டார். முற்றத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.