கேட்காமல் அழிக்கிற கம்ப்யூட்டர்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் தாராளமாக அப்படியே படியுங்கள். விருத்தாசலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த தமிழ்செல்வனிடம் மட்டும் போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். நடந்தது அவனுக்கு. ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில்.

அவன் மனைவி அமுதவள்ளி திட்டக்குடிக்காரி. மூன்று வயதில் வெண்பா என்று ஒரு பெண். அமுதவள்ளிக்குச் செராமிக் கம்பெனி ஒன்றில் பொம்மைகளுக்குப் பூச்சு அடிக்கிற வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்று முதலாளி கொளஞ்சிநாதன் புலம்பியபோது, "எங்க வூட்டுக்காரரு பாத்துக் குடுப்பாருங்க" என்று அவள்தான் சொல்லி வைத்தாள். அன்று காலை அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டே போனான். போன வாரம் எடுத்த பச்சைப் புடவையை முதல் தடவையாகக் கட்டியிருந்தாள். வழியில் கனகாம்பரம் வாங்கிக் கொடுத்தான்.

பழைய பெட்டி. லினக்ஸ் போட்டிருந்தது. போட்டால் கன்னங்கரேல் என்று ஒரு திரை. ஐகான் இல்லை, மெனு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எதுவானாலும் டைப் அடித்துத்தான் வரவழைக்க வேண்டும். ஒரு ஃபைலை அழிக்கப் போனால் 'நிச்சயமாகவா?' என்று மூன்று தடவை கேட்டது. தமிழ்செல்வனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எந்தப் புண்ணியவான் இப்புடிச் செஞ்சு வெச்சது?"

"முன்ன இருந்த ஆபரேட்டரு, திரௌபதின்னு ஒரு பொண்ணு" என்றார் முதலாளி. "மாசியில காய்ச்சல் வந்து செத்துப் போச்சு. நீ கண்ணுக்குத் தெரியுற மாதிரி வெச்சுக் குடு. ஒரு தட்டு தட்டுனா வேல முடியணும்."

மூன்று வகை டெஸ்க்டாப்பைப் போட்டுக் காட்டினான். பெரிய ஐகான்களோடு விண்டோஸ் மாதிரியே இருந்தது முதலாளிக்குப் பிடித்தது. அந்தக் கறுப்புத் திரையை, இடம் அடைக்கிறது என்று அடியோடு எடுத்தெறிந்தான். பிறகு ஃபைல் மேனேஜருக்குள் போனான். ஒரே கிளிக்கில் திறக்கட்டும். படங்கள் பெரிதாகத் தெரியட்டும். மறைத்து வைத்த ஃபோல்டர்களும் வெளியே வரட்டும். அழிக்கும் முன் கேட்கிற டிக்கையும் எடுத்துவிட்டான்.

"குப்பத்தொட்டிக்குக்கூட போவ வாணாம் தம்பி. நேரா ஒழியட்டும்" என்றார் முதலாளி. அதையும் செய்தான்.

'ஆட்கள்' என்று ஒரு ஃபோல்டர் புதிதாகத் தலை காட்டியது. அடையாள அட்டைக்காக எடுத்த தொழிலாளர் படங்கள். இத்தனை நாளும் திரௌபதி அதை மறைத்து வைத்திருக்கிறாள்.

அமுதவள்ளியின் படமும் இருந்தது. எடுத்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு என்றது தேதி. ஆனால்... பச்சைப் புடவை. தலையில் கனகாம்பரம். கன்னத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். தமிழ்செல்வன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். அதே புடவைதான்.

"இவன் பச்சமுத்து. பெண்ணாடம் ஆலைக்கு ஓடிட்டான், நன்றி கெட்ட பய" என்று முதலாளி எட்டி டெலிட்டைத் தட்டினார்.

டக்.

ஒரு கேள்வியும் இல்லை. பச்சமுத்து போன இடத்துக்கு அடுத்த படம் நகர்ந்து வந்தது. அதைச் சுற்றி நீலக் கட்டம் விழுந்தது. அமுதவள்ளி.

மணி 12.40. முதலாளியின் போன் அடித்தது.

"என்னாது... பச்சமுத்துவா? இப்பவா? டீ குடிச்சுக்கிட்டே சாஞ்சிட்டானா?"

பேசிக்கொண்டே அவர் வெளியே போய்விட்டார். தமிழ்செல்வன் சட்டென்று மவுஸைப் பிடித்தான். செட்டிங்கைத் திறந்து 'அழிக்கும் முன் கேள்' என்பதில் டிக் போட்டான். டிக் தானாகவே மறைந்தது. மறுபடி போட்டான். மறுபடி மறைந்தது.

பழைய கறுப்புத் திரைக்குப் போகலாம் என்றால் அது இல்லை. எடுத்தெறிந்தவன் அவனேதான்.

ஃபோல்டரை மூடினான். திறந்துகொண்டது. அதே படம். அதே நீலக் கட்டம்.

ஒயரைப் பிடுங்க மேசைக்கு அடியில் நுழைந்தான். தூசி. எது எதன் ஒயர் என்று தெரியவில்லை...

கொலுசுச் சத்தம்.

"என்னாங்க, சாப்புடலாமா?"

தலையைத் திருப்பினான். பச்சைப் புடவை. கன்னத்தில் பூச்சு பட்டு வெள்ளையாக ஒரு தீற்றல்.

"ஐயே, எம்மூஞ்சியப் பாரேன். கெழவியாட்டம் இருக்கேன்."

டெலிட் எது என்று அவளுக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

"தொடாத!"

டக்.

சிரித்துக்கொண்டே விழுந்தாள். கன்னத்துப் பூச்சில் ஈரம்கூடக் காயவில்லை. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். வெண்பாவை மாமியார் திட்டக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

காரியம் முடிந்த மறுநாள் திரௌபதியின் அம்மா காசியம்மாள் அவனைத் தேடி வந்தாள்.

"எம்பொண்ணு அவ புருசன் போட்டோவ அதுலதான் தெரியாம அழிச்சுட்டா. அன்னைக்கே அவரு போயிட்டாரு. அப்பறந்தான் யாரு கண்ணுலயும் படாம கறுப்பாக்கி வெச்சா. ஒடைக்கவும் பயம். ஒடைச்சா உள்ள இருக்கிற அத்தன பேரும் போயிடுவாங்களோன்னு. நீ ஏம்பா தொறந்த?"

தமிழ்செல்வன் கம்பெனிக்கு ஓடினான். ஆபீஸ் மேசை காலியாக இருந்தது.

"ராசியில்லாத பொட்டின்னு வித்துட்டேன் தம்பி" என்றார் கொளஞ்சிநாதன். "திட்டக்குடியில ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரன் வாங்கிக்கிட்டான். பழைய படத்தயெல்லாம் அதுல ஏத்தி, வாணாங்குறத அழிச்சுக்கிட்டு இருக்கானாம். ஒரு வார்த்த கேக்காம வேல செய்யுதுன்னு ஒன்ன ரொம்பப் புகழ்ந்தான்."

வெண்பாவுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் படம் எடுத்தது அந்த ஸ்டுடியோவில்தான்.

திட்டக்குடி பஸ் பெண்ணாடத்தைத் தாண்டும்போது அவன் போன் அடித்தது. மாமியார் நம்பர். அவன் எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது.

மறுபடியும் அடித்தது.