காரணம் சொல்லும் இடம்

எனக்கு இங்கிலீஷ் வராது என்று முடிவு கட்டியது நீங்கள்தான், சூப்பர்வைசர் சார். நான் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனியில் பதினோரு வருடமாக ரப்பர் வளையங்களைப் பார்த்துத் தரம் பிரிக்கிறேன். ஆடிட்டுக்கு வருகிறவர்களிடம் அந்த வேலையை இங்கிலீஷில் விளக்கத் தெரிந்தவருக்குத்தான் லைன் லீடர் பதவி. போன வருட ஆடிட்டில் நான் வாயைத் திறந்தேன். பாதியில், "அந்தம்மாவுக்கு வராது சார், நான் சொல்றேன்" என்று குறுக்கே வந்து நின்றீர்கள். அதன்பிறகு நானும் அதையே நம்பினேன். அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

அப்புறம்தான் விடியற்காலையில் அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தேன். நடந்துகொண்டே என் வேலையை இங்கிலீஷில் சொல்லிப் போனில் பதிவு செய்வேன். திரும்பி வரும்போது இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்பேன். தண்ணீர்மேல் பனி கிடக்கும். எதிர்க்கரை அடுக்குமாடிகள் பாதி கரைந்து தெரியும். காதுக்குள் யாரோ ஒருத்தி ரப்பர் வளையத்தின் விளிம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவாள். நடப்பது நானா அவளா என்று தெரியாது. அவள் பேச்சு நின்றால் நானும் நிற்பேன். நீர்க்காகம் ஒன்று முங்கும். அது மறுபடி தலை தூக்கிய பிறகும் அவள் பேச்சு தொடங்கியிருக்காது.

பக்கத்து லைன் பெண் ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, ஏரியாண்ட இங்கிலீஷ் பேசிகினு கீற? மீனு பதில் சொல்லுதா?"

"உன்ன மாதிரி நடுவுல பேசாம கேக்குது. போடி."

கேட்டுக் கேட்டு ஒரு மாதத்தில் பிடிபட்டது. எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஒரு வளையத்தை ஏன் ரிஜெக்ட் செய்தேன் என்று காரணம் சொல்லும் இடத்தில் மட்டும் நிற்கிறேன். நீங்கள் குறுக்கே வந்தது அங்கேதான். அந்த இடத்தை மட்டும் எடுத்து, தப்பு வந்தாலும் நிறுத்தாமல், தினமும் சொன்னேன். ஒருநாள் காதில் கேட்டுக்கொண்டு வந்தபோது நீர்க்காகம் முங்கியது, எழுந்தது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

நேற்று ஆடிட். காரணத்துக்கு வந்தேன். "அவங்களுக்கு வராது சார்" என்று மறுபடியும் ஆரம்பித்தீர்கள். நான் நிறுத்தவில்லை. உங்கள் குரலுக்கு மேலேயே சொல்லி முடித்தேன். வந்தவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். சாயங்காலம் லைன் லீடர் பட்டியலில் என் பெயர் இல்லை. 'இங்கிலீஷ் போதாது' என்று நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களாம்.

நாளைக் காலை ஷிஃப்டுக்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்போம். என் பதிவு அத்தனையும் போனில் இருக்கிறது. எதைக் கேட்டு அப்படி எழுதினீர்கள்? அந்த வரிசைக்கு முன்னால் நின்று, கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.